ஐயமும் அமானிதமும்

ஐயப்படுதலை ஒருவர் தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளலாமா? பிறர் மறைத்ததைத் தேடுவதும், கேட்டதைக் குறித்து வைப்பதும், குறித்ததிலிருந்து ஒரு மனிதரைப் பற்றி முடிவு கட்டுவதும் அறத்தோடு பொருந்துமா? இக்கேள்வி ஏட்டறிவாளரின் பொழுதுபோக்கு அன்று. காவல்துறையிலும் பாதுகாப்புப் பணியிலும் இருப்போர்க்கென்றே 'உளவுத் தகவல் பகுப்பாய்வு' என்னும் துறை இன்று முதுகலைப் படிப்பாக வளர்ந்து நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் சார்லஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழகம் போன்றவை பணியில் உள்ளவர்களுக்கே இதனைக் கற்பிக்கின்றன. நம் நாட்டிலும் காவல், உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகியவற்றையே பாடமாகக் கொண்ட ராஷ்ட்ரிய ரக்ஷா பல்கலைக்கழகம், 2020ல் இயற்றப்பட்ட நாடாளுமன்றச் சட்டத்தின்படி குஜராத் மாநிலத்துக் காந்திநகரை அடுத்து இயங்குகிறது. காவற்பணியில் சேர்ந்த மகனோ மகளோ இத்தகைய படிப்பை மேற்கொள்ள விரும்பினால் வாப்பாவும் உம்மாவும் என்ன விடை சொல்வது? பிறர் குறையைத் துருவக் கூடாது என்று பிள்ளைக்குக் கற்றுக் கொடுத்த அதே நாவால், போய்ப் படித்து வா என்று சொல்லலாமா?

விடை சொல்லுமுன் அப்படிப்பு எதைப் பற்றியது என்று அறிவது முறை. திரைப்படம் காட்டுவது போல அது மாறுவேடக் கலை அன்று. சுவரில் காது வைக்கும் பயிற்சியும் அன்று. வந்து சேர்ந்த தகவல்களை எடைபோடும் கலையே அது. என்ன தெரிய வேண்டும் என்று முதலில் வகுத்துக்கொள்ளுதல், தகவல் திரட்டுதல், ஒழுங்குபடுத்துதல், பகுத்தாய்தல், முடிவெடுக்க வேண்டியவரிடம் சேர்த்தல் என அதற்குப் படிகள் உண்டு. தகவல் தந்தவர் எவ்வளவு நம்பத்தக்கவர் என்பதற்கு ஓர் எழுத்தும், தந்த தகவல் எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு ஓர் எண்ணும் இடும் வழக்கம் அத்துறையில் நெடுநாளாக உள்ளது. நல்லவர் கொண்டுவரும் செய்தியும் தவறாகலாம். பொய்யர் வாயிலும் ஒருகால் உண்மை வரலாம். ஆகவேதான் இரண்டுக்கும் தனித்தனி மதிப்பு.

இது நமக்குப் புதிய செய்தியா? ஹதீஸ் கலை வல்லுநர்கள் அறிவிப்பாளர் தொடரை ஒரு தட்டிலும், அறிவிக்கப்பட்ட பொருளை மற்றொரு தட்டிலும் வைத்து நிறுத்தார்கள் அல்லவா? ஒருவர் எந்த ஊரில் வாழ்ந்தார், யாரைச் சந்தித்திருக்க முடியும், அவர் நினைவாற்றல் முதுமையில் குன்றியதா என்றெல்லாம் நூல் நூலாக எழுதி வைத்தார்கள். இப்னு கல்தூன் 1377ல் முடித்த தம் முன்னுரை நூலில், செய்திகளில் பொய் புகுவதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். தம் கட்சியின்பால் உள்ள பற்றே மனிதனை ஆராயாமல் நம்ப வைக்கிறது என்பது அவற்றுள் ஒன்று. மறைமொழியில் எழுதியதை, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து உடைக்கும் முறையை, நாமறிய முதன்முதலில் எழுதி வைத்தவர் 9ஆம் நூற்றாண்டின் அல்கிந்தி. நம் தமிழில் வள்ளுவப் பெருந்தகை 'ஒற்றாடல்' என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். ஓர் ஒற்றன் சொன்னதை அவனறியாமல் வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் சாரங்களில் ஒன்று. ஆக, செய்தியை எடைபோடும் கலை நம் இரு மரபுகளுக்கும் உரியது. வினா அக்கலையைப் பற்றியதன்று. அதைக் கையாளும் மனிதரின் அறத்தைப் பற்றியது.

அதனை விளக்கத் தொலைவு போக வேண்டியதில்லை. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது. ஒரு காலத்தில் இராமானுசர் பிறந்த ஊர் என்றே அறியப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் தொழிற்சாலை எழுந்தது முதல், ஒரகடம் வரை ஆலைகள் வரிசையாக எழுந்து, பல மாநிலத்து இளைஞரும் மங்கையரும் பிழைப்புத் தேடி வரும் வட்டாரமாக இன்று மாறியிருக்கிறது. ஆனால் நாடு இவ்வூரின் பெயரை முதலில் உச்சரித்தது ஒரு துயரத்தின் பொருட்டு. 1991 மே 21 இரவு, தேர்தல் கூட்டத்துக்கு வந்த முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி, உடலில் வெடிகுண்டைக் கட்டிக்கொண்டு வந்த தாணு என்னும் பெண்ணால் இங்கே கொல்லப்பட்டார். காவலுக்கு நின்றோர் உட்படப் பலர் அவரோடு மாண்டனர்.

அவ்விரவுக்கு முன்னரே அறிகுறிகள் சிதறிக் கிடந்தன என்பதைப் பின்னாளில் நடந்த விசாரணைகள் காட்டின. அதே மே மாதம் 7ஆம் நாள், சென்னை நந்தனத்தில் வி. பி. சிங் கலந்துகொண்ட கூட்டத்தில் அச்சதிகாரர்கள் ஒத்திகையே பார்த்திருந்தார்கள். தமிழகத்திலிருந்து கடல் கடந்து சென்ற மறைமொழி வானொலிச் செய்திகள் காற்றில் இருந்தன. அவற்றின் பொருள் விளங்கியதோ எல்லாம் முடிந்த பிறகு. 1989 இறுதியில் ஆட்சி மாறியபின் ராஜீவுக்கு இருந்த சிறப்புப் பாதுகாப்புக் குழுவின் காவல் விலக்கப்பட்டது. அதற்கு ஈடான மாற்று ஏற்பாடு செய்யப்படவில்லை என்பதை நீதியரசர் வர்மா ஆணையம் பெருங்குறையாகச் சுட்டியது. மாநிலக் காவல் ஏற்பாடுகளையும், கூட்டம் நடத்திய கட்சியினரின் ஒழுங்கின்மையையும் அது விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொருவர் கையில் இருந்தது. துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும் மேசை மட்டும் இல்லை. கடைசிக் கணத்தில் அப்பெண்ணைத் தடுக்க முயன்ற ஒரு பெண் காவல் அதிகாரியையும், எல்லாருக்கும் வாய்ப்பளிக்கட்டும் என்று தலைவரே தடுத்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. அவ்விரவில் ஐயப்படுவது கடமையாக இருந்தது. ஐயம் அங்கே இல்லாமற் போனதால் உயிர்கள் போயின.

பிறகு நடந்த புலனாய்வின் முதற்பகுதி, பகுப்பாய்வு என்னும் கலை என்ன செய்ய வல்லது என்பதற்குச் சான்று. நிகழ்விடத்தில் மாண்டு கிடந்த ஹரிபாபு என்ற புகைப்படக்காரரின் கேமரா சிதையாமல் கிடைத்தது. அதனுள் இருந்த பத்துப் படங்களே வழக்கின் வாயிலைத் திறந்தன. மாலையோடு நின்ற பெண் யார், அருகே செய்தியாளர் போல வெள்ளை உடையில் குறிப்பேட்டோடு நின்றவர் யார் என்று கேட்டு, ஒரு முகத்திலிருந்து மற்றொரு முகத்துக்கு டி. ஆர். கார்த்திகேயன் தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழு சென்றது. மூன்று மாதங்களுக்குள், ஆகஸ்டு 20 அன்று, சிவராசனும் கூட்டாளிகளும் பெங்களூரை அடுத்த கோணனகுண்டேயில் ஒரு வீட்டில் உயிரற்றுக் கிடந்தனர்.

ஆனால் இவ்வழக்குக்கு மறுபக்கமும் உண்டு. பெற்றோர் முக்கியமாக அறிய வேண்டியது அதுதான். 26 பேர் தடா சட்டத்தின் கீழ் விசாரிக்கப்பட்டனர். 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தனி நீதிமன்றம் அவர்கள் அனைவருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றமோ நால்வருக்கு மரண தண்டனையையும் மூவருக்கு ஆயுள் தண்டனையையும் உறுதி செய்து, ஏனைய 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. தடா கூறும் பயங்கரவாதச் செயல் இதுவன்று என்றும் சொன்னது. 19 பேர்! தூக்குக் கயிற்றின் நிழலில் நின்றவர்கள் அத்தனை பேர். அவர்கள் சிறையில் கழித்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்?

எஞ்சியவர்களில் ஒருவர் பேரறிவாளன். 1991 ஜூனில் பிடிபட்டபோது அவருக்கு வயது 19. அவர் வாங்கிக் கொடுத்த மின்கலங்கள் குண்டில் பயன்பட்டன என்பது குற்றச்சாட்டு. தடா சட்டப்படி காவல் அதிகாரி பதிவு செய்த வாக்குமூலமே அவருக்கு எதிரான முக்கியச் சான்று. அதைப் பதிவு செய்த அதிகாரி, ஓய்வு பெற்ற பின் 2013ல் வெளிப்படையாகச் சொன்னார்: அம்மின்கலங்கள் எதற்கு என்று தமக்குத் தெரியாது என அவ்விளைஞர் கூறியதைத் தாம் எழுதவில்லை என்று. மரண தண்டனை 2014ல் ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஏறத்தாழ 31 ஆண்டுகள். எழுதப்படாத ஒரு வாக்கியத்தின் எடையை எந்தத் தராசில் நிறுப்பது?

ஐயம் ஒரு மனிதரோடு நிற்பதும் இல்லை. அது ஊரையே சூழ்ந்துகொள்ளும். அப்படுகொலைக்குப் பின் தமிழகத்தில் தஞ்சம் புகுந்திருந்த ஈழத்துக் குடும்பங்கள், தாங்கள் செய்யாத குற்றத்தின் நிழலில் வாழ நேர்ந்தது. சதியை ஆராய்ந்த ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை 1997ல் வெளிவந்தபோது, தமிழ் மக்களையே பொதுப்படையாகக் குற்றக் கூண்டில் ஏற்றுகிறது என்ற கண்டனம் தமிழகத்தில் எழுந்தது. அவ்வறிக்கையையொட்டி எழுந்த பூசலில் மத்தியில் குஜ்ரால் ஆட்சியே கவிழ்ந்தது. இத்துயரம் நம் சமுதாயம் அறியாததன்று. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் வெடித்த குண்டுகள் 58 உயிர்களைக் குடித்தன. அக்கொடுமையைச் செய்தோர் தண்டனைக்கு உரியவர்களே. ஆனால் அதே வழக்கில் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த அப்துல் நாசர் மதானி, 2007ல் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். குற்றவாளியைத் தேடும் கண், அவன் பெயரையொத்த பெயருடையோர் மீதெல்லாம் படிந்தால், எத்தனை வீடுகளில் அடுப்பு அணையும் என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

இவ்விரு பக்கங்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 1991 மே 21 இரவில் ஐயம் தேவைப்பட்டது. அங்கே அது குறைந்து போனது. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் சான்று தேவைப்பட்டது. அந்த இடத்தில் ஐயம் வந்து உட்கார்ந்தது. ஒருவரைக் காப்பதற்கு அணுவளவு ஐயமும் போதும். ஒருவரைத் தண்டிப்பதற்கு மலையளவு ஐயமும் போதாது. கூட்டத்தில் நுழையும் ஒவ்வொருவரையும் ஒரே முறையாகச் சோதித்தால் யாருக்கும் இழிவில்லை. இழப்பு சில நிமிடமே. ஆனால் ஒருவரின் விடுதலையை, நற்பெயரை, உயிரைப் பறிப்பதாயின் அங்கே ஐயத்துக்கு இடமே இல்லை. தெளிவு மட்டுமே பேச வேண்டும். ஐயம் தோன்றினால் கடுந்தண்டனையை விலக்குக என்பது நம் ஃபிக்ஹு மேதைகள் வகுத்த விதியன்றோ! காவலுக்குரிய ஐயத்தைத் தண்டனைக்குரிய சான்றாக மாற்றிவிடும் அந்த ஒரு நொடியில்தான் பகுப்பாய்வாளரின் அறம் சோதிக்கப்படுகிறது.

அருள்மறையின் 49ஆம் அத்தியாயமாகிய அல்ஹுஜுராத்தை ஓதுவோர் இவ்விரு கட்டளைகளும் அருகருகே இருப்பதைக் கண்டிருப்பர். ஆறாவது வசனம், நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின் வருந்த நேரலாம் என்பதே அங்குச் சொல்லப்படும் காரணம். பன்னிரண்டாவது வசனமோ மிகுதியான ஐயத்தையும், பிறர் மறைவைத் துருவுவதையும் விலக்குகிறது. விசாரிப்பது கடமை, துருவுவது பாவம். முன்னது தபய்யுன்; பின்னது தஜஸ்ஸுஸ். இரண்டும் கேள்வி கேட்கின்றன. ஆனால் விசாரிப்பவர் செய்தியைச் சோதிக்கிறார். துருவுபவர் மனிதரை வேட்டையாடுகிறார். விசாரிப்பவர் தம் எண்ணம் தவறாக இருக்கலாம் என்று தொடங்குகிறார். துருவுபவர் முடிவை முன்னரே கையில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற சான்றைத் தேடுகிறார்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி நம் நூல்களில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படும். இரவில் நகர்வலம் வந்தபோது ஒரு வீட்டினுள் தகாத ஒலி கேட்டுச் சுவரேறி உள்ளே சென்றார்கள். குற்றம் செய்துகொண்டிருந்தவர் அஞ்சாமல் விடையிறுத்தார்: தாம் செய்தது ஒரு பிழை, ஆனால் துருவியதும், வாயில் வழி வராததும், அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்ததும் ஆக ஆட்சியாளர் செய்தது மூன்று என்று. உமர் (ரலி) அவர்கள் அதை ஏற்றுத் திரும்பினார்கள். உண்மை கிடைத்துவிட்டது என்பதால் அதைப் பெற்ற வழி தூய்மையாகி விடாது என்பதை அப்பேரரசின் தலைவர் ஒப்புக்கொண்டார். நம் நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று, தனிமறைவு அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டத்தின் ஆதரவு, நியாயமான நோக்கம், தேவைக்கு மிஞ்சாத அளவு ஆகியன வேண்டும் என்பதும் அத்தீர்ப்பில் உண்டு. சுவரேறாமல் வாயில் வழியே வா என்பதன் இக்காலச் சட்டமொழி அது.

'உயிர்கள் ஊசலாடும்போது இவ்வளவு நுணுக்கம் பார்க்க முடியுமா? முழுத் தெளிவு வரும்வரை காத்திருந்தால் குண்டு வெடித்துவிடாதா?' என்று காவற்பணியிலுள்ளோர் கேட்பர். நியாயமான கேள்வியே. முழுத் தெளிவின்றிச் செயற்பட வேண்டியதே அவர்கள் பணியின் இயல்பு. ஆனால் தெளிவின்றிச் செயற்படுவது வேறு. தெளிவு உள்ளது போல் எழுதுவது வேறு. அமெரிக்க உளவு அமைப்பில் மதிப்பீட்டுப் பணியை நடத்திய ஷெர்மன் கென்ட் இதுபற்றி 1964ல் ஒரு கட்டுரை வரைந்தார். யுகோஸ்லாவியா தாக்கப்படக்கூடும் என்று 1951ல் எழுதிய அறிக்கையில், கவனிக்கத்தக்க வாய்ப்பு உண்டு என்ற பொருளில் ஒரு சொல்லைப் பயன்படுத்தியிருந்தனர். அச்சொல்லால் கருதியது எத்தனை பங்கு என்று உடன் எழுதியவர்களையே கேட்டபோது, ஒருவர் நூற்றுக்கு 20 என்றார். மற்றொருவர் 80 என்றார். ஒரே காகிதத்தில் ஒப்பமிட்டவர்களின் உள்ளத்தில் இத்தனை வேறுபாடு! அதைப் படித்து ஆணையிடுபவர் எதை நம்புவார்? சொல்லைத் துல்லியமாக ஆள்வதும், தெரியாததைத் தெரியாது என்று எழுதும் துணிவும் இப்படிப்பின் முதற்பாடங்களாக இருப்பது இதனாலேயே.

அப்பாடத்தை மறந்தால் நேர்வது என்ன என்பதற்கு ஈராக் சாட்சி. 'கர்வ்பால்' என்று மறைபெயர் சூட்டப்பட்ட ஒரே மனிதரின் கூற்று, நடமாடும் நச்சுக்கிருமிக் கூடங்கள் அங்கு உண்டு என்பதற்குப் பெரிய ஆதாரமாயிற்று. 2003 பிப்ரவரியில் அது ஐக்கிய நாடுகள் அவையிலேயே முழங்கப்பட்டது. அடுத்த மாதம் போர் தொடங்கியது. அத்தகைய கூடங்கள் இருக்கவில்லை. தாம் சொன்னது பொய் என்று அம்மனிதர் 2011ல் ஒப்புக்கொண்டார். வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார் என்ற எளிய நெறியை வல்லரசு புறக்கணித்ததன் விலையை அப்பாவி மக்கள் கொடுத்தார்கள்.

இவ்வறம் அதிகாரிகளுக்கு மட்டும் உரியதா? மீண்டும் ஸ்ரீபெரும்புதூருக்கே வருவோம். 2021 டிசம்பரில், அவ்வட்டாரத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் பணியாற்றிய பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 150க்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டனர் என்ற செய்தி கைபேசிகளில் பரவியது. தோழியர் எங்கே என்ற கேள்விக்கு உடனே விடை கிடைக்காத நிலையில், பெண் தொழிலாளர் பெருந்திரளாகச் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். இறப்புச் செய்தி உண்மையன்று. ஆனால் கெட்டுப்போன உணவும் நெருக்கடியான விடுதியும் உண்மை. வதந்தி என்று சொல்லித் தட்டிக்கழிப்பதும் தவறு. உண்மை என்று கொண்டு மேலும் பரப்புவதும் தவறு. செய்தியில் எது பொய், எது மெய் என்று பிரித்தறிவதே அங்கும் தேவைப்பட்டது. உண்மையை உரிய நேரத்தில் சொல்லாதவர்கள் வதந்திக்கு வாயில் திறந்துவிடுகிறார்கள் என்பது ஆட்சியாளரும் ஆலை நடத்துவோரும் கொள்ள வேண்டிய பாடம். வந்த செய்தியை அடுத்தவருக்கு அனுப்புமுன் ஒரு கணம் நிற்க வேண்டும் என்பது நாம் கொள்ள வேண்டிய பாடம். கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்று ஓர் அறிவிப்பாளரே.

ஆகவே, முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே: ஐயப்படுதலைத் தொழிலாகக் கொள்ளலாம், ஆனால் அந்த ஐயம் முதலில் தம் முடிவின் மீதே பாய வேண்டும். பகுப்பாய்வாளர் மேசைக்கு வரும் ஒவ்வொரு பெயரும் அமானிதம். அப்பெயருக்குப் பின்னால் ஒரு தாய் இருக்கிறாள். ஒரு வீடு இருக்கிறது. அவருக்கு எதிரானதை எழுதும் பேனா, அவருக்குச் சாதகமானதையும் அதே மையால் எழுதக் கடமைப்பட்டது. பட்டம் எத்தனை உயர்ந்ததாயினும், இந்த ஒன்றைக் கற்பிக்காத படிப்பு கூரிய கத்தியைக் குருடர் கையில் கொடுப்பதாகும். இதனைக் கற்பிக்கும் படிப்போ உயிர்களைக் காக்கும், அப்பாவிகளையும் காக்கும்.

ராஜீவ் காந்தி வீழ்ந்த இடத்தில் எழுந்த நினைவிடத்தை 2003ல் நாட்டுக்கு அர்ப்பணித்தவர், இராமேசுவரத்து மரைக்காயர் குடும்பத்தில் பிறந்து நாட்டின் பாதுகாப்புக்கே அறிவை ஈந்த குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள். ஐயத்தின் நிழல் விழுந்த சமுதாயம் அத்துறையை விட்டு ஒதுங்கி நிற்பதால் நிழல் அகலாது. செய்தியைத் தீர விசாரிக்கும் மரபில் வளர்ந்த பிள்ளைகள் அத்துறைக்குள் சென்று, அம்மரபை அங்கே நாட்டுவதே வழி. பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ இதைப் படிக்க விரும்பினால் தடுக்காதீர்கள். வழியனுப்பும்போது ஒன்று மட்டும் சொல்லுங்கள்: யாரைப் பற்றி நீ எழுதினாலும், அவர் உன் அருகில் அமர்ந்து அதைப் படித்தால் ஒரு வரி விடுபட்டது என்று சொல்ல முடியாதபடி எழுது. படைத்தவன் அதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறான்.